கான்டாக்டரை மாற்றியவர் ஃபால்ட்டைக் கண்டுபிடித்தாரா?

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்த்துக்கொண்டிருந்த காலம். தோலின் முடியை நீக்கச் சுழற்றுகிற சுண்ணாம்பு டிரம் ஒன்று நின்றுவிட்டது. உள்ளே தோல், சுண்ணாம்பு, சல்ஃபைடு எல்லாம் போட்டாயிற்று. டிரம் சுற்றாமல் தோல் ஒரே பக்கமாகக் குவிந்து கிடந்தால் மருந்து ஒரே சீராக ஏறாது, திட்டுத்திட்டாகிவிடும், அதனால் புரொடக்‌ஷன் ஆள் தலைமேல் வந்து நிற்கிறார். எலக்ட்ரீஷியன் வந்தார். மோட்டார் அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் அதை நிறுத்திவிடுகிற ஓவர்லோடு ரிலே டிரிப் ஆகியிருந்தது, ரீசெட் பண்ணினார், ஓடியது, பத்து நிமிடத்தில் மறுபடி நின்றது. ரிலேயை மாற்றினார், நின்றது. செட்டிங்கைக் கொஞ்சம் ஏற்றி வைத்தார், அப்போதும் நின்றது. மோட்டாருக்குக் கரண்ட்டைப் போட்டு நிறுத்துகிற காந்த ஸ்விட்ச், அதாவது கான்டாக்டரை மாற்றினார், ஓடியது. லாக் புக்கில் "கான்டாக்டர் ஃபால்ட், மாற்றப்பட்டது, 50 நிமிடம்" என்று எழுதிவிட்டுப் போனார்.

நாலாம் நாள் அந்த மோட்டார் எரிந்து ரீவைண்டிங்குக்குப் போனது. பிரித்துப் பார்த்தால் ஐசோலேட்டரில் (மெயின் ஸ்விட்ச்) ஒரு பேஸின் லக், அதாவது ஒயர் முனையில் மாட்டுகிற உலோகக் காது, லூஸாகி, கருகி, ஒட்டியும் ஒட்டாமலும் இருந்தது. கான்டாக்டரை மாற்றும்போது ஒயரை இழுத்து அசைத்ததில் அந்த லக் தற்காலிகமாக உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். ஒரு பேஸ் விட்டால் மற்ற இரண்டும் அதிகம் இழுக்கும், ரிலே பாவம், சரியாகத்தான் டிரிப் ஆகிக்கொண்டிருந்தது, அதன் வாயையும் செட்டிங் ஏற்றி அடைத்தாயிற்று. வேடிக்கை என்னவென்றால், அந்த மாத ரிப்போர்ட்டில் சராசரி ரிப்பேர் நேரம் குறைவாக இருந்த ஆள் அவர்தான்.

அதற்கப்புறம்தான் ஃபால்ட் கண்டுபிடிக்கிற திறமையை அளக்கிற விஷயத்தைக் கொஞ்சம் உருப்படியாகச் செய்யவேண்டும் என்று உட்கார்ந்தேன். தோல் கம்பெனி என்றில்லை, ஆம்பூர் ஷூ கம்பெனி, குடியாத்தம் பவர்லூம், ஆரணி ரைஸ் மில், காட்பாடியில் லிஃப்ட் பார்க்கிறவர்கள், யாராக இருந்தாலும் பத்துப் பேர் மெயின்டனன்ஸ் டீம் வைத்திருந்தால் இதைச் செய்யலாம். பெரிய செலவில்லை.

முதலில் ஸ்டாப் வாட்சைக் கீழே வையுங்கள்

எல்லோரும் பார்ப்பது சராசரி ரிப்பேர் நேரம். மொத்த நேரத்தை எத்தனை ரிப்பேர் என்பதால் வகுத்தால் ஒரு எண் வரும், அதை எக்ஸெல்லில் போட்டு கலர் அடித்து மேலே அனுப்பிவிடுவோம். மிஷின் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று தெரிந்துகொள்ள அது போதும், ஆளை எடைபோட அது உதவாது. ஏனென்றால் அந்த ஒரு எண்ணுக்குள் ஐந்து விஷயம் கலந்துகிடக்கிறது: போன் வந்ததிலிருந்து அவர் மிஷினிடம் வந்து சேர்ந்த நேரம், கண்டுபிடிக்க ஆன நேரம், பொருள் கிடைக்க ஆன நேரம், மாட்ட ஆன நேரம், ஓட்டிப் பார்த்த நேரம். பேரிங் சென்னையிலிருந்து பஸ் பார்சலில் வருகிறது என்றால் அதற்கும் ஃபிட்டரின் மூளைக்கும் என்ன சம்பந்தம்?

ஆகவே லாக் புக்கில் ஒரே நேரம் எழுதுவதை நிறுத்திவிட்டு ஐந்து கட்டம் போடுங்கள். கூப்பிட்டது, வந்தது, கண்டுபிடித்தது, பொருள் வந்தது, ஓடியது. நமக்கு வேண்டியது இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் இருக்கும் நேரம் மட்டும். அதையும் தனியாக நம்பாதீர்கள், ஏனென்றால் எளிய ஃபால்ட் மாட்டியவருக்கு அது குறைவாகவும், நைட் ஷிஃப்டில் வந்து வந்து போகிற ஃபால்ட் மாட்டியவருக்கு அதிகமாகவும்தான் இருக்கும். இன்னொன்று, நேரத்தை வைத்து இன்கிரிமென்ட் தருவேன் என்று சொல்லிப் பாருங்கள், அடுத்த மாதமே எல்லா ரிப்பேரும் 20 நிமிடத்தில் முடிந்துவிடும். லாக் புக்கில் மட்டும்.

நேரத்துக்குப் பதிலாக எதைப் பார்ப்பது என்றால், வழியை. எதைக் கேட்டார், எதைத் தொட்டார், எந்த வரிசையில் தொட்டார், தொடும்போது மனதில் என்ன நினைத்திருந்தார். ஸ்பானரைக் கையில் எடுக்கும் முன்பே காரணத்தைச் சொல்லிவிட்டாரா, அல்லது பொருள் பொருளாக மாற்றி ஓடியதும் கடைசியாக மாற்றியதன் மேல் பழியைப் போட்டாரா. மேலே சொன்ன லக் கதையில் இதைப் பார்க்க ஒரு கட்டம்கூட லாக் புக்கில் இல்லை.

போர்டு ஒன்று தயார் செய்யுங்கள்

ஓடுகிற மிஷினில் வேண்டுமென்றே ஃபால்ட் வைத்துச் சோதிக்கிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. வேண்டாம். 415 வோல்ட் விளையாட்டுப் பொருள் இல்லை. கழிவுநீர்த் தொட்டிப் பக்கம் இந்த எண்ணமே கூடாது, சல்ஃபைடு கலந்த தண்ணீரில் ஆசிட் சேர்ந்தால் கிளம்புகிற வாயு ஆளைச் சாய்க்க ஒரு மூச்சு போதும். இந்த ஜில்லாவில் தோல் கம்பெனியில் வேலை செய்தவர்களுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரு பிளைவுட் பலகை, டிஓஎல் ஸ்டார்ட்டர் (மோட்டாரை நேராக லைனில் போடுவது) சாமான்கள், 24 வோல்ட் கன்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மர், அதே வோல்ட் காயில் (காந்தச் சுருள்) உள்ள கான்டாக்டர். மோட்டார் வேண்டாம், மூன்று இன்டிகேட்டர் பல்பு போதும். கன்ட்ரோல் ஒயர் போகிற வரிசை நம் ஊர் பேனலில் இருப்பதுபோலவே இருக்கட்டும்: டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து ஃபியூஸ், அப்புறம் ஓவர்லோடு ரிலேயின் 95-96 (டிரிப் ஆனால் திறக்கிற முனைகள்), அப்புறம் காளான் தலை எமர்ஜென்சி பட்டன், ஸ்டாப் பட்டன், ஸ்டார்ட் பட்டன், அதற்கு இணையாக, விரலை எடுத்த பிறகும் கான்டாக்டரைப் பிடித்து வைக்கும் அதன் 13-14 முனைகள், பிறகு காயிலின் இரு முனைகளான ஏ1, ஏ2, திரும்ப டிரான்ஸ்ஃபார்மரின் காமன் முனை. பலகைக்குப் பின்னால் சின்ன டாகிள் ஸ்விட்சுகள், ஒவ்வொன்றும் ஒரு இடத்தில் ஒயரைத் துண்டிக்கும். முன்னால் நிற்பவர் கண்ணுக்கு எதுவும் தெரியக்கூடாது. ஒயரை வெட்டித் தொங்கவிட்டால் நீங்கள் அளப்பது கண்பார்வையைத்தான், அதற்கு வேறு டாக்டர் இருக்கிறார்.

இப்போது முக்கியமான இடம். பெரும்பாலானவர்கள் ஒவ்வொன்றும் ஒரு விதமான அறிகுறி தரும் ஃபால்ட்டுகளாகப் பார்த்து வைக்கிறார்கள். அது மனப்பாடத்தைச் சோதிக்கும். விரலை எடுத்ததும் கான்டாக்டர் விழுந்துவிடுகிறதா, 13-14ஐப் பார், இதை ஐடிஐ முதல் வருடப் பையன் தூக்கத்தில் சொல்லுவான். அதற்குப் பதில் ஒரே அறிகுறி தரும் ஆறு ஃபால்ட் வையுங்கள். ஃபியூஸ், 95-96, ஸ்டாப் பட்டன், ஸ்டார்ட் பட்டன், காயில், காமன் ஒயர். ஆறில் எது போனாலும் வெளியே தெரிவது ஒன்றுதான்: ஸ்டார்ட்டை அமுக்கினால் கம்மென்று இருக்கும். இங்கேதான் ஆள் தெரிவார்.

யோசிக்கிறவர் மீட்டரின் கறுப்பு பின்னை டிரான்ஸ்ஃபார்மர் காமனிலேயே வைத்துவிட்டு, சிவப்பை நேராக ஸ்டார்ட் பட்டனின் உள்வரும் முனையில் வைப்பார். 24 வந்தால் ஃபியூஸ், ரிலே, எமர்ஜென்சி, ஸ்டாப் நாலும் ஒரே அடியில் தப்பித்தன. பிறகு ஹெல்பரை ஸ்டார்ட்டை அமுக்கச் சொல்லி ஏ1 பார்ப்பார். வரவில்லையென்றால் ஸ்டார்ட் பட்டன். வந்தால் ஏ2. அங்கேயும் 24 இருந்தால் காயில் வழியாக வந்து போக இடமில்லாமல் நிற்கிறது, காமன் ஒயர்தான் திறந்திருக்கிறது. ஏ2 பூஜ்யம் என்றால் காயில் போயிற்று. முதல் அடியிலேயே 24 வரவில்லையா, மேல்பக்கம் 96, வேண்டுமானால் 95. ஆறில் எதுவாக இருந்தாலும் மூன்று அளவில் முடிந்துவிடும். நீங்களே போர்டில் ஒருமுறை செய்து பாருங்கள், ஆள் கூப்பிடுவதற்கு முன்.

யோசிக்காதவர் ஃபியூஸிலிருந்து ஆரம்பித்து வரிசையாக வருவார். அதில் ஒரு தப்பும் இல்லை, ஆனால் நேரத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்: ஃபியூஸ் ஃபால்ட் வைத்த அன்று அவர்தான் ஹீரோ, ஒரே நிமிடம், காமன் ஒயர் ஃபால்ட் வைத்த அன்று அரை மணி நேரம் கழித்து கான்டாக்டரைக் கழற்றிக்கொண்டிருப்பார். அதனால் ஒருவருக்கு ஒரே ஃபால்ட் வைத்து முடிவு சொல்லக்கூடாது. ஆறுக்குக் குறைந்து வைத்தால் நீங்கள் அளப்பது அவருடைய ராசியைத்தான்.

அந்த ஆறோடு ஏழாவதாக ஒன்று வையுங்கள், ஃபால்ட்டே இல்லாதது. காளான் தலையை மட்டும் அமுக்கி விட்டுவிடுங்கள், மற்றதெல்லாம் சரியாக இருக்கட்டும். பேனலின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அதைத் திருகிவிட்டு "அண்ணே, அவ்ளோதான்" என்று சொல்கிறவர் ஒருவர், பார்க்காமல் பத்து இடத்தில் மீட்டர் வைத்துவிட்டு எதையாவது கழற்றுகிறவர் இன்னொருவர். எங்கள் ஆட்களில் ஒரு சீனியரே இதில் மாட்டினார், முகம் சிவந்துவிட்டது, பிறகு அவரே டீ வாங்கிக் கொடுத்தார்.

என்ன எழுதுவது

பக்கத்தில் நின்று நாலு கட்டம் போட்ட தாளில் எழுதுங்கள்: மணி, என்ன செய்தார், எதற்காகச் செய்தார், என்ன தெரிந்தது. மூன்றாவது கட்டம்தான் உயிர், அதுதான் நிரப்பக் கஷ்டமும். "தம்பி, நீ இன்னா நினைக்கிறேனு சொல்லிகினே செய்" என்று சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். சின்னப் பையன்கள் பேசிவிடுவார்கள். அனுபவசாலிகள் வாயே திறக்கமாட்டார்கள், கை மட்டும் ஓடும். அவர்களைப் பேசச் சொல்லித் தொந்தரவு செய்தால் வேலையும் கெடும். அவர்களுக்கு மட்டும் மொபைலை ஒரு ஓரமாக நிறுத்தி வீடியோ எடுத்துவிட்டு, முடிந்ததும் போட்டுக் காட்டி "இங்க ஏன்ணா நேரா ஏ2க்குப் போனீங்க" என்று கேளுங்கள், கொட்டுவார்கள்.

பாதுகாப்புக்கு மார்க் கிடையாது, அது உள்ளே விடுகிற வாசல். 24 வோல்ட்தானே என்று விடக்கூடாது, நிஜ பேனல் என்று நினைத்துத்தான் செய்யவேண்டும். பொருளைக் கழற்றும் முன் மெயினை அணைத்து, பூட்டுப் போட்டு, அட்டை தொங்கவிட்டு, மீட்டரை முதலில் சப்ளை இருக்கிற இடத்தில் வைத்துப் பார்த்து, பிறகு அணைத்த இடத்தில் பார்த்து, மறுபடி சப்ளை இருக்கிற இடத்தில் வைத்து மீட்டர் செத்துப்போகவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் கை வைத்தால் அந்தச் சுற்று அங்கேயே முடிந்தது. மற்றதில் நூறு வாங்கி இதை ஈடுகட்ட முடியாது.

மிஷினைத் தொடுவதற்கு முன் ஓட்டுகிறவரிடம் கேட்டாரா என்பதை எழுதுங்கள். டிரம் ஓட்டுகிற பாயிடம் "எப்போ நின்னுச்சு, நிக்கறப்ப சத்தம் வந்துச்சா, இதுக்கு முன்னாடி யாரு கை வெச்சாங்க" என்று மூன்று கேள்வி கேட்டால் பாதி ஃபால்ட் அங்கேயே கிடைத்துவிடும். போர்டில் சோதிக்கும்போது ஒருவரை ஆபரேட்டராக நிற்க வைத்து, கேட்டால் மட்டும் பதில் சொல்லச் சொல்லுங்கள்.

அப்புறம் வீண் சோதனை. எத்தனை சோதனை செய்தார் என்று வெறுமனே எண்ணாதீர்கள். முன்னால் கிடைத்த விடையை வைத்தே தெரிந்துவிட்ட ஒன்றை மறுபடி சோதிப்பதுதான் வீண். ஸ்டார்ட் பட்டனில் 24 பார்த்த பிறகு போய் ஃபியூஸைக் கழற்றிப் பார்க்கிறார் என்றால் முதல் அளவு என்ன சொன்னது என்று அவருக்குப் புரியவில்லை என்று பொருள். ஆனால் இதில் கொஞ்சம் தாராளமாக இருங்கள். டென்மார்க்கின் ரிஸோ ஆராய்ச்சிக் கூடத்தில் எலக்ட்ரானிக் கருவிகளைப் பழுது பார்த்தவர்களை வாய்விட்டுப் பேசவைத்துக் கவனித்து யென்ஸ் ராஸ்முசெனும் உடன் ஒருவரும் 1974ல் எழுதினார்கள். பொறியாளர்கள் எதிர்பார்ப்பதுபோல் பழுது பார்த்தவர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சிக்கனமாகச் சோதிக்கவில்லை, சின்னச் சின்னச் சோதனைகளைச் சடசடவென்று நிறைய செய்துகொண்டே போனார்கள், அவர்கள் நிலையில் அது புத்திசாலித்தனமாகத்தான் இருந்தது. யோசிக்கிற செலவைவிட பின்னை வைத்துப் பார்க்கிற செலவு குறைவு என்றால் வைத்துப் பார்ப்பதுதானே நியாயம். அதனால் நான் எண்ணிக்கைக்குப் பதில் விலை போடுகிறேன். கண்ணால் பார்ப்பது, மோந்து பார்ப்பது 1, மீட்டர் வைப்பது 2, ஒயரைக் கழற்றுவது 5, பொருளை மாற்றுவது 10. வீண் சோதனைகளின் விலையை மட்டும் கூட்டுங்கள். எண்கள் என் இஷ்டம்தான், உங்கள் இடத்தில் ஒரு பொருளை மாற்ற எவ்வளவு நேரம், எவ்வளவு காசு என்று பார்த்து நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.

பொருளை மாற்றிப் பார்ப்பது எப்போதும் தப்பு என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பக்கத்து டிரம்மின் டைமரை இங்கே போட்டு "இப்ப ஓடிச்சுனா டைமர், ஓடலனா ஒயரிங்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போட்டால் அது நல்ல சோதனை. சொல்லாமல் போட்டு, ஓடவில்லை என்றதும் அதையும் அங்கேயே விட்டுவிட்டு அடுத்ததைக் கழற்றினால் அது சோதனை இல்லை, சீட்டாட்டம்.

கண்டுபிடித்ததாக அவர் சொல்லும்போது உடனே சரிசெய்ய விடாதீர்கள். ஒரு துண்டுச் சீட்டில் காரணத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், எழுத வராதவர் வாயால் சொல்லட்டும். பிறகு சரிசெய்யட்டும். சரிசெய்தபின் என்ன செய்கிறார் என்பதும் ஒரு கட்டம்: ஒருமுறை ஓடியதும் கிளம்புகிறாரா, அல்லது நாலு முறை நிறுத்தி ஓட்டி, நிஜ மிஷின் என்றால் ஒயரைச் சுற்றிப் பிடித்து ஆம்பியர் அளக்கிற டாங் டெஸ்டர் போட்டு மூன்று பேஸிலும் ஆம்பியர் சமமா என்று பார்க்கிறாரா. அந்த லக் கதையில் டாங் டெஸ்டர் ஒருமுறை போட்டிருந்தால் ரிலேயையும் மாற்றியிருக்க வேண்டாம், மோட்டாரும் எரிந்திருக்காது.

நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள், மார்க் தராமல். 20 நிமிடம் தாண்டினால் நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் தெரிய வேண்டியது எதுவும் இல்லை.

ஒரு விஷயம், முதல் சில சுற்றுகளுக்கு இரண்டு பேர் தனித்தனியாக மார்க் போடவேண்டும், ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல். நானும் ஷூ கம்பெனியில் இருக்கும் ஒரு நண்பரும் அப்படிப் போட்டபோது ஒரே ஆளுக்கு நான் கொடுத்ததில் பாதிதான் அவர் கொடுத்தார். உட்கார்ந்து பேசியதில்தான் தெரிந்தது, வீண் சோதனை என்றால் என்ன என்பதில் எங்கள் இருவருக்கும் வேறு வேறு கருத்து. அதைச் சரிசெய்த பிறகுதான் மார்க்குக்கு அர்த்தம் வந்தது.

போர்டு செய்ய வசதி இல்லையென்றால் ஒரு காகிதம்

1954லேயே ராபர்ட் கிளேசர் என்ற அமெரிக்க உளவியலாளரும் உடன் இருவரும் இதற்கு ஒரு எளிய வழி சொன்னார்கள். தாளில் அறிகுறி எழுதியிருக்கும், கீழே என்னென்ன சோதனை செய்யலாம் என்று பட்டியல், ஒவ்வொன்றின் விடையும் ஒரு காகிதத் துண்டுக்குள் மறைந்திருக்கும். எந்தச் சோதனை வேண்டுமோ அதன் துண்டைக் கிழித்தால் விடை தெரியும். எதைக் கிழித்தார் என்பதை மறைக்க முடியாது. இன்றைக்கும் இது நன்றாக வேலை செய்கிறது. ஏ4 தாள், கோந்து, கத்தரிக்கோல் போதும், கிழிக்கும்போது பக்கத்தில் 1, 2, 3 என்று வரிசை எண் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் எது முதலில் கிழிந்தது என்று தெரியாது.

அதில் ஒரு ஓட்டை உண்டு. பட்டியலைப் பார்த்ததுமே "ஓ, இதையும் பார்க்கலாமா" என்று தோன்றிவிடும், தானாகத் தோன்றியிருக்காது. அதனால் சீனியர்களிடம் நான் தாளே கொடுப்பதில்லை. எதிரே உட்கார்ந்து "மூணாம் நம்பர் டிரம், பத்து நிமிஷம் ஓடி நிக்குது, நீங்க கேளுங்க, நான் பதில் சொல்றேன்" என்று ஆரம்பித்துவிடுவேன், டாக்டரிடம் போனால் அவர் நம்மைக் கேட்பாரே அதைத் திருப்பிப் போட்டதுபோல. டீ ஆறுவதற்குள் ஒரு ஃபால்ட் முடிந்துவிடும். சர்க்யூட் படத்தை வைத்து மட்டும் சோதிக்காதீர்கள். படம் படிக்கத் தெரியாமலே முப்பது வருடம் வாணியம்பாடியில் டிரம் ஓடவைத்தவர்கள் இருக்கிறார்கள். படம் படிப்பது தனித் திறமை, வேண்டுமென்றால் தனியாக அளந்துகொள்ளுங்கள்.

அதேசமயம் மீட்டர் பிடிக்கிற கை, பேரிங் சத்தத்தைக் கேட்கிற காது, பெல்ட் வாசனை இதெல்லாம் காகிதத்தில் வராது.

பழக்கம் காப்பாற்றுகிற ஃபால்ட், பழக்கம் கவிழ்க்கிற ஃபால்ட்

நம் ஊர் சீனியர் ஒருவரைச் சுண்ணாம்புப் பகுதி பேனலுக்குக் கூட்டிக்கொண்டு போனால் மீட்டரைக்கூட எடுக்கமாட்டார், நேராகக் கான்டாக்ட் முனைகளைப் பார்ப்பார். காரணம் இருக்கிறது. சல்ஃபைடு இருக்கிற இடத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாவது காற்றில் இருக்கும், அது செம்பைக் கறுப்பாக்கும், முனையில் ரெசிஸ்டன்ஸ் ஏறும், சூடாகும். உப்புப் போட்ட தோல் இறங்குகிற இடத்தில் டெர்மினல் எல்லாம் துருப்பிடிக்கும். அவர் குருட்டுத்தனமாக அங்கே போகவில்லை, முப்பது வருடக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு போகிறார். ரைஸ் மில்லில் அதே மாதிரி ஒருவர் முதலில் தூசியையும் உமியையும் ஊதுவார், தறிக்காரர் பஞ்சை எடுப்பார்.

இவரை யோசிக்கத் தெரியாதவர் என்று போர்டு மார்க் சொல்லிவிடக்கூடாது. அதனால் நிஜ அனுபவத்திலிருந்து எடுத்த, பழக்கம் சரியான இடத்துக்கு அழைத்துப்போகிற ஃபால்ட் இரண்டும், அதே அறிகுறி காட்டி வேறு எங்கோ இருக்கிற ஃபால்ட் இரண்டும் கலந்து வையுங்கள். முதல் வகையில் அவர் பறப்பார், பறக்கட்டும், அதற்கு முழு மார்க். இரண்டாவது வகையில் பார்க்கவேண்டியது, முதல் யூகம் தப்பு என்று தெரிந்ததும் என்ன செய்கிறார் என்பது. ஒரு அடி பின்வாங்கி, சரி, இப்போது ஒயரைத் தொடர்ந்து போவோம் என்று மாறுகிறாரா, அல்லது அதே கான்டாக்டரையே மூன்றாவது முறையாகச் சுத்தம் செய்கிறாரா. புதுப் பையன்களுக்கு இது தலைகீழ். பாதி பாதியாகப் பிரித்து அழகாகப் போவார்கள், சீனியர் ஒரு நிமிடத்தில் மோந்து பார்த்துச் சொல்வதை இவர்கள் பத்து நிமிடத்தில் வந்தடைவார்கள். இரண்டையும் ஒரே எண்ணாகக் கூட்டாமல் இரண்டு வரியாக எழுதுங்கள்.

சனிக்கிழமை டப்பா

போர்டு, காகிதம் எதுவும் வேண்டாம் என்பவர்கள் இதை மட்டுமாவது செய்யுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட மலிவான, இதைவிட உண்மை பேசுகிற அளவுகோல் இல்லை. கழற்றிய எந்தப் பொருளும் குப்பைக்கோ பழைய இரும்புக்கோ நேராகப் போகக்கூடாது. தேதி, மிஷின் நம்பர், என்ன காரணம் என்று சீட்டு கட்டி ஒரு டப்பாவில் போடவேண்டும். சனிக்கிழமை மதியம் எல்லோரும் உட்கார்ந்து அதைச் சோதிக்கிறோம். கான்டாக்டர் காயிலுக்கு ஓம் பார்க்கலாம், சப்ளை கொடுத்தால் இழுக்கிறதா என்று பார்க்கலாம். டைமருக்கு சப்ளை கொடுத்து வாட்சைப் பார்க்கலாம். கெபாசிட்டருக்கு மைக்ரோஃபேரட். பேரிங்கைக் கழுவி, விரலில் மாட்டிச் சுற்றிப் பார்க்கலாம். மோட்டார் ரீவைண்டிங்குக்குப் போகும் முன் இன்சுலேஷனை அளக்கிற மெக்கர் போட்டாரா என்று சீட்டைப் பார்க்கலாம்.

டப்பாவில் எத்தனை நல்ல பொருள் இருக்கிறதோ அத்தனை முறை நாம் கண்டுபிடிக்காமல் மாற்றியிருக்கிறோம். முதல் சனிக்கிழமை எங்கள் டப்பாவில் இருந்தவற்றில் பாதிக்கு மேல் நல்லவை, முதலாளி காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளவேண்டியிருந்தது. யார் பெயரும் படிக்காதீர்கள், சீட்டில் பெயர் எழுதவும் வேண்டாம், மிஷின் நம்பர் போதும், யார் என்று அவரவருக்கே தெரியும். அழுக்கு மட்டும் பிடித்த, துடைத்தால் ஓடுகிற பொருளைத் தனியாக எண்ணுங்கள், அது பாதித் தப்புதான்.

இதோடு கூட ஒன்று, அதே மிஷின் அதே அறிகுறியோடு 30 நாளுக்குள் திரும்ப நின்றால் முதல் ரிப்பேரைக் கண்டுபிடித்ததாகக் கணக்கில் எடுக்கக்கூடாது. ஆனால் ஸ்பேர் கேட்டும் வாங்கித் தராமல் "இப்ப ஓட்டுப்பா, அப்புறம் பாக்கலாம்" என்று மேலே இருந்து சொல்லியிருந்தால் லாக் புக்கில் தற்காலிகம் என்று அவர் எழுதியிருப்பார், அது அவர் கணக்கில் சேராது. தற்காலிகம் என்று எழுதத் தைரியம் இருக்கிற இடத்தில்தான் இந்த எண் உண்மையாக இருக்கும்.

மார்க்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டாதீர்கள், சம்பளத்தோடு கட்டாதீர்கள். ஆளைக் கூப்பிட்டு, அவருடைய தாளை அவர் முன்னால் வைத்து, எந்த இடத்தில் வழி தவறியது என்று விரலை வைத்துக் காட்டுங்கள். ஃபியூஸிலிருந்து வரிசையாக வந்த ஒரு பையனிடம் அப்படிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "நடுவுலேருந்து வந்தா நாலு ஐட்டம் ஒரே அடியில போயிடுதுண்ணா" என்றான். அவனுக்கு அதற்குமேல் நான் வகுப்பு எடுக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து மறுபடி சோதியுங்கள், உடனே சோதித்தால் நேற்றுச் சொன்னதை இன்று ஒப்பிப்பார்கள். அப்போது அதே ஃபால்ட் வரிசையை வைக்காதீர்கள், பின்பக்க டாகிள் நம்பரையும் மாற்றிவிடுங்கள். முதல் சுற்றில் நான் மாற்றவில்லை. காலையில் இரண்டு பேர் முடித்துவிட்டுக் கேன்டீனுக்குப் போனார்கள், மதியம் வந்த மூன்றாமவர் போர்டைப் பார்த்து ஒரு நிமிடம் யோசிப்பதுபோல் நடித்துவிட்டு நேராக ஏ2வில் பின்னை வைத்தார். பின்னால் ஸ்விட்ச் போட்டுக்கொண்டிருந்த ஹெல்பருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.